டொக்கு மாமா

தரைக் கல்லின் மூன்று மூலைகள் கணீரென்றன. நாலாவது மூலை "டொக்" என்றது. அவர் அப்படியே குந்தி உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து, காதைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அதே இடத்தில் இன்னும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து அந்த மூலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"உள்ள காத்து" என்றார், வீட்டை வாங்கியிருந்த இளம் தம்பதியிடம். "அடியில சிமென்ட் பிடிக்கல. இன்னைக்கு நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். பீரோவைக் கொண்டாந்து வெச்ச அன்னைக்குப் பாருங்க, பிஸ்கட்டு மாதிரி விட்டுப் போயிடும்."

புது அடுக்குமாடி வீடுகளின் சாவியைக் கையில் வாங்குமுன் ஆட்கள் அவரை அழைக்கிறார்கள். அறை அறையாகத் தட்டிப் பார்த்து, எந்தெந்த டைல்ஸ் கல் ஒழுங்காக ஒட்டவில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியது அவர் வேலை. கருவி ஒன்றே ஒன்றுதான்: முழ நீளக் கம்பி, அதன் நுனியில் கோலிக்குண்டு அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை. பட்டறையில் கொடுத்து அவரே பற்றவைத்துக்கொண்டது. படுக்கையறைக்குப் பத்து நிமிஷம், கூடத்துக்கு அரை மணி. குளியலறையை மட்டும் அவசரப்படாமல் பார்ப்பார். "மனுஷன் வழுக்கி விழுறதும் அழுறதும் அங்கதான், அதைச் சரியாப் பாக்கணும்" என்பார்.

வேலைக்கு நடுவில் அவர் கேட்கும் கேள்விகள் சில உண்டு. கட்டில் எங்கே வரும்? அலமாரி எந்தச் சுவரோரம்? இவை தேவையான கேள்விகள். கனம் எங்கே இறங்குகிறது என்று தெரிய வேண்டும். கடைசியாக ஒன்று கேட்பார்: "சொந்தக்காரங்க நிறைய வந்து போவாங்களா?" அதுவும் கனத்தைப் பற்றிய கேள்விதான் என்று எதிரே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டு, ஆமாம், இவளுக்கு மூன்று அக்கா, எனக்கு இரண்டு தம்பி என்று கணக்குச் சொல்வார்கள். அவர் கம்பியைக் கையில் பிடித்தபடி முழுவதையும் கேட்பார். அந்தக் காலிக் கூடத்தில் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்து எழுந்து போகிற வரைக்கும் காத்திருப்பவர் போல இருக்கும் அவர் முகம்.

வயது ஐம்பத்து நாலு. குள்ளம் என்று சொல்ல முடியாது, ஆனால் குனிந்தே நடப்பதால் அப்படித் தோன்றும். இருபத்தேழு வருஷம் டைல்ஸ் கடை வைத்திருந்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். நடக்கும்போதே குதிகாலால் தட்டிப் பார்ப்பார். தங்கை மகள் நாலு வயதில் அந்தக் குதிகால் சத்தத்தை வைத்துத்தான் "டொக்கு மாமா" என்று பெயர் வைத்தாள். உறவு முழுவதற்கும் அதுவே பெயராயிற்று. கடை போன பிறகு, அதே குனிந்த தலையைப் பார்த்து உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். "பாவம், தலை நிமிந்து நடக்க முடியல மனுஷனால."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படித்தான் நடக்கறார்" என்பாள் மனைவி. "பொண்ணு பாக்க வந்தப்பவே என் மூஞ்சியப் பாக்கல. எங்க வீட்டுத் தரையத்தான் பாத்தார். இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

கடை போன கதை பெரிய கதையில்லை. அகலக்கால் வைத்தார், அவ்வளவுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடைக்குத் துணையாக, பெரிய சாலையில் கண்ணாடி முகப்போடு இன்னொன்று திறந்தார். திறந்த மூன்றாம் மாதம் கட்டட முதலாளி ஒருவர் வந்து எண்பது வீட்டுக்கான கல்லைக் கடனுக்குக் கேட்டார். எண்பது வீடு! அன்றிரவு சந்தோஷத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல் போயிற்று. கட்டடம் ஆறாவது மாடியோடு நின்றுபோயிற்று. கட்டட முதலாளியின் கைப்பேசியும் நின்றுபோயிற்று. கல் அனுப்பிய கம்பெனிகள் கழுத்தைப் பிடித்தன, வங்கி அவற்றுக்கு மேல் கையைப் போட்டது.

அப்போதுதான் உறவுக்காரர்களிடம் போனார்.

முதலில் அண்ணன். தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். பேச வேண்டியதைப் பஸ்ஸில் உதடு அசையாமல் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார் தம்பி. அண்ணன் பனியனோடு உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, கடையில கொஞ்சம்…" என்று ஆரம்பித்ததுமே, நகவெட்டியைக் கீழே வைக்காமல், "எவ்வளவுடா?" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். ஓய்வுப் பணத்தில் பாதி மறுநாளே வந்துவிட்டது.

அடுத்தது மனைவியின் தம்பி. மருந்துக் கடை வைத்திருப்பவர். அவரும் கொடுத்தார். கொடுக்கும்போது, "அத்தான், இதை அக்காகிட்ட சொல்லிக்க வேணாம், வருத்தப்படுவா" என்றார். அக்கா பக்கத்து அறையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

தலைக்கு மேல் போன வெள்ளத்துக்கு அது போதவில்லை. கடைசியாகத் தங்கையிடம் போனார்.

தங்கைக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் புருஷன் தொலைதூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம், குழாய் ஒழுகினாலும் சிலிண்டர் தீர்ந்தாலும் இந்தச் சின்ன அண்ணன்தான். வாரத்தில் மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு நேரே அங்கே போவார். நாற்பத்தேழு வயதுக்காரியை இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். அவள் தன் சேமிப்பை வங்கியில் டெபாசிட் போட்டபோது, கூடப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்ததும் அவரே. அதனால் எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்குப் பைசா சுத்தமாகத் தெரியும்.

"பாப்பா, உன்கிட்ட கேக்கக் கூடாதுதான்…"

"அப்போ கேக்காத அண்ணா."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அந்த டெபாசிட்ட எடுத்துக் குடு. ஆறே மாசம்."

"தரமாட்டேன்."

"இல்லைன்னு சொல்லு, எழுந்து போயிடறேன். வெச்சுக்கிட்டே தரமாட்டேன்னா சொல்ற?"

"ஆமா. இருக்கு. தரமாட்டேன். தந்தா அப்புறம் நீ இங்க வரமாட்ட."

"வராம எங்க போவேன்? வட்டியோட கொண்டாந்து வைக்கிறேனா இல்லையா பாரு."

"அதத்தான் சொல்றேன். நீ வட்டியோட வருவ. நீயா வரமாட்ட."

அவர் காதில் விழுந்தது "தரமாட்டேன்" மட்டும்தான். எழுந்தார். "அண்ணன்னு ஒருத்தன் இருந்தான்கறதையே மறந்துடு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது: "சாப்பிட்டுட்டுக் கோவிச்சுக்கோ அண்ணா. தட்டு போட்டாச்சு." அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாதமே இரண்டு கடைகளும் மூடின. இருந்த கல்லையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, வீட்டையும் விற்று, வங்கிக்கும் கம்பெனிகளுக்கும் கொடுத்தது போக, மிச்சம் நின்றது உறவுக்காரர்களின் பணம்தான். வக்கீல் ஒரு வழி சொன்னார். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாம். கோர்ட்டில் திவால் மனுப் போட்டால் எல்லாக் கடனும் ஒரே வீச்சில் கழன்றுவிடும், யாரும் கேட்க முடியாது. கடன்காரர்களின் பெயரையெல்லாம் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

எழுதினார். இரண்டாவது வரியில் அண்ணனின் பெயர் வந்தது. பேனாவை மூடி வக்கீலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கம்பெனிக்காரனுக்குக் குடுக்கலாம் சார் மஞ்சக் கடுதாசி. அண்ணனுக்கு எப்படிக் குடுக்கறது?"

அன்றுமுதல் தட்டிப் பிழைக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், தட்டிச் சேர்த்ததில் ஒரு பங்கை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவார். இந்த வேகத்தில் முழுவதையும் அடைக்கப் பத்தொன்பது வருஷம் ஆகும். அண்ணனுக்கு இப்போது அறுபத்தொன்று.

அண்ணன் ஒரு நாளும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்பெல்லாம் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குத்தான் போவார். அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே, "வந்துட்டியா? அந்த சிலிண்டரத் தூக்கி வெச்சிட்டு உக்காரு, உனக்கெல்லாம் சும்மா டீ கிடையாது" என்பாள். இப்போது மணி அடித்ததும் உள்ளே ஒரு சின்னப் பரபரப்புக் கேட்கும். கதவு திறக்கையில் அண்ணன் சட்டை போட்டிருப்பார். பனியனோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்த மனுஷன், தம்பி வருகிறான் என்றதும் அவசரமாகச் சட்டை போட்டுக்கொண்டு பொத்தானைத் தப்பாக மாட்டியிருப்பார். விருந்தாளிக்கு எடுக்கும் பூப்போட்ட கோப்பையும் தட்டும் வரும். ஒரு தடவை பழைய ஞாபகத்தில் சிலிண்டரைத் தூக்கப் போனார்.

"ஐயையோ, விடுங்க தம்பி, நீங்க ஏன்…" என்றாள் அண்ணி.

நீங்க! முப்பது வருஷமாக "நீ" என்று அழைத்தவள். எந்தத் தேதியில் அந்த "நீ" போயிற்று, எந்த மாதத்து உறையோடு சேர்ந்து போயிற்று என்று அவர் வெகுநேரம் யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

அண்ணன் மழையைப் பற்றிப் பேசினார். கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினார். உறையை மேஜைமேல் வைத்தபோது அதைப் பார்க்காமல் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். தம்பி எழுந்ததும் அண்ணனும் எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். கூடப் பிறந்தவனை யாராவது வாசல்வரை வந்து வழியனுப்புவார்களா?

மைத்துனர் கதை வேறு மாதிரி. ஒரு நாள் அவருக்குப் பிறந்தநாள் என்று மனைவி ஞாபகப்படுத்த, வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். எடுத்தவுடனே மறுமுனையில், "அத்தான், சத்தியமா இப்போ கையில ஒண்ணும் புரளல. போன மாசமே சரக்குக்குக் குடுத்துட்டேன்" என்றார் மைத்துனர். இவர் என்ன சொல்வார்? "பரவாயில்ல, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வாழ்த்து வாயிலேயே நின்றது.

அண்ணன் வீட்டு மாடிப்படியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிக்கொண்டிருந்தபோதுதான், பாதிப் படியில், தங்கை சொன்னது காதில் விழுந்தது. சொல்லி எட்டு மாதம் ஆன பிறகு விழுந்தது. நீ வட்டியோட வருவ. நீயா வரமாட்ட. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மேலே ஏறி வந்த ஒரு பெண், "தண்ணி ஏதாவது வேணுமாங்க?" என்று கேட்டாள்.

தெரிந்துவிட்டால் மட்டும் போய்விட முடியுமா? நாக்கு சொன்ன வார்த்தை நடுவில் கிடந்தது. அதைத் தாண்டக் கால் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தார். எந்தத் திசையில் வேலை இருந்தாலும் தங்கை வீட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினார். இடப்பக்கம் ஜன்னலோரம். சிக்னலுக்கு முன்னால் பஸ் வேகம் குறையும்போது அவளுடைய மூன்றாவது மாடிப் பால்கனி ஏழெட்டு நொடி தெரியும். அவர் தரையைப் பார்க்காமல் நிமிர்ந்து பார்த்த இடம் ஊரிலேயே அது ஒன்றுதான்.

கொடியில் காய்வதை வைத்து அவளுடைய வாரத்தைப் படித்தார். காலையிலேயே வெள்ளை யூனிஃபார்ம் ஈரமாகத் தொங்கினால் ராத்திரி டியூட்டி முடித்து வந்து தூங்குகிறாள். பெரிய அளவுச் சட்டை தொங்கினால் லாரிக்காரர் வந்திருக்கிறார். பூப்போட்ட சுடிதார் என்றால் விடுதியிலிருந்து பெண் வந்திருக்கிறாள். ஒரு முறை தொடர்ந்து ஆறு நாள் கொடி காலியாகவே இருந்தது. ஏழாம் நாள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "உன் நாத்தனாருக்குப் போன் போட்டு எத்தனை நாளாச்சு?" என்றார் மனைவியிடம்.

"நேத்துகூடப் பேசினேன். பொண்ணுக்குக் காய்ச்சல்னு விடுதிக்குப் போயிருக்கா. ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கறவருக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது? நீங்களே போன் போட்டா அவ என்ன கடிச்சா வைப்பா?"

அவர் முகம் கழுவப் போய்விட்டார்.

பதினாறு மாதம் இப்படியே ஓடிற்று. போன வாரம் ஒரு வேலை வந்தது. முகவரியைக் கேட்டதும், "அந்தத் தெருவா? எனக்கு நேரமில்லைங்க" என்று வைத்துவிட்டார். ஐந்து நிமிஷம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டு, நாளைக்கே வருகிறேன் என்றார்.

தங்கை இருக்கும் கட்டடத்தை ஒட்டினாற்போல் எழுந்திருந்த புதுக் கட்டடம். அதிலும் மூன்றாவது மாடி. அவர் கூடத்தைத் தட்டினார், படுக்கையறைகளைத் தட்டினார், சமையலறையை வழக்கத்தைவிட இருமடங்கு நேரம் தட்டினார். குளியலறையில் ஒரே கல்லை நாலு தடவை தட்டினார். வீட்டுக்காரர் பொறுமையான மனுஷன். கடைசியில், "பால்கனியப் பாக்கலையே சார்?" என்றார்.

பார்க்காமல் இருக்க முடியுமா? தொழில் ஆயிற்றே. கைப்பிடிச் சுவருக்கு மேலே தலை தெரியாதபடி குந்தியபடியே வெளியே நகர்ந்தார். வாத்து மாதிரி நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு கல்லாகத் தட்டினார். சத்தம் கேட்காதபடி மெல்ல மெல்லத் தட்டினார். கடைசிக் கல்லுக்கு வந்தபோது, பத்தடி தூரத்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, அந்தக் கல்லு சரியில்ல. இங்க வரைக்கும் டொக்குன்னு கேக்குது."

அவர் கம்பியைக் கீழே வைத்தார். மெதுவாக எழுந்தார். எதிர்ப் பால்கனியில் தங்கை தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது இது தெரிந்ததில்லை.

"எவ்வளவு நேரமா நிக்கற?"

"நீ ஹால்ல தட்டுறப்பவே வந்துட்டேன். தூங்கிட்டிருந்தேன், எழுப்பிவிட்டுட்ட. இப்படி ரெண்டு தட்டுக்கு ஒரு தரம் நின்னு யோசிக்கிற ஆளு வேற யாரு இருக்கா?"

வீட்டுக்காரர் இந்தப் பக்கம் ஒரு தரமும் அந்தப் பக்கம் ஒரு தரமும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இளைச்சுட்ட" என்றாள்.

"நீயும்தான்."

"எனக்கு ராத்திரி டியூட்டி. உனக்கென்ன?" பதிலுக்கு நிற்காமல் உள்ளே திரும்பினாள். திரும்பியபடியே, "முடிச்சிட்டு வா. கதவு சாத்தித்தான் இருக்கும், தள்ளினா திறக்கும்" என்றாள்.

அந்தக் கடைசிக் கல்லுக்கு வட்டம் போட மறந்துவிட்டார். வீட்டுக்காரர்தான் ஞாபகப்படுத்தினார். கூலியை வாங்கி எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படி. ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே ஏறினார். அன்னைக்கு நான் பேசினது தப்பு. நீ சொன்னது அப்புறம்தான் புரிஞ்சுது. உன்கிட்டயாவது வாங்காம இருந்தேனே, அது நீ பண்ணின புண்ணியம். மூன்றாவது மாடிக்கு வந்தபோது எல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்றன.

கதவைத் தள்ளினார். திறந்தது.

"பாப்பா, அன்னைக்கு நான்…"

"பால் இல்லண்ணா" என்றாள் தங்கை. ஒரு நோட்டை அவர் கையில் திணித்தாள். "கீழ முக்குக் கடையில ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வா. பச்சைப் பாக்கெட்டு. நீலம் வாங்கிட்டு வந்துடாத, தண்ணியா இருக்கும். அப்படியே ஒரு தீப்பெட்டி."

அவர் நோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு வந்த வழியே இறங்கினார். முக்குக் கடையில் நாலு பேருக்குப் பின்னால் நின்றார். பச்சைப் பாக்கெட் தீர்ந்துபோயிற்று என்று கடைக்காரர் சொன்னபோது, உள்ளே இன்னொரு தரம் பார்க்கச் சொல்லிச் சண்டை பிடித்தார். இரண்டு பாக்கெட் கிடைத்தது. தீப்பெட்டியும் வாங்கினார். மீதிச் சில்லறை கைநிறைய இருந்தது.

மேலே வந்தபோது தங்கை சமையலறை வாசலில் நின்றாள். பாலையும் தீப்பெட்டியையும் வாங்கி ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள்.

"மீதி எங்க?"

அவர் அந்த உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சில்லறை அத்தனையையும் தன் சட்டைப்பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.